ஏற்றத்தில் இறங்கியவர்

எங்கள் பல்கலைக்கழகத்தில் சரிவு கிடையாது.

நிர்வாகக் கட்டடத்தின் வாசற்படியில் ஒரு டென்னிஸ் பந்தை வைத்துக் கையை எடுத்தால், அது பதினாறு ஏக்கர் புல்வெளியையும் கடந்து கீழே இருக்கும் குளத்தில் போய்த்தான் நிற்கும். ஆனாலும் சரிவு கிடையாது. இதை என்னால் அடித்துச் சொல்ல முடியும். ஏனென்றால் அதை அடித்தவனே நான்தான். தோட்டப் பிரிவில் தட்டச்சராக இருந்தேன்.

உலகத்துப் பல்கலைக்கழகங்களை எல்லாம் வரிசைப்படுத்துகிற ஏதோ ஓர் அமைப்பு இருக்கிறது. அதற்கு வேறு வேலை இல்லை. அந்த ஆண்டு அது எங்களை நாற்பத்தோரு இடம் கீழே தள்ளிவிட்டது. மறுநாள் செய்தித்தாளில் 'பல்கலைக்கழகம் சரிவு' என்று பெரிய தலைப்பு. துணைவேந்தர் அன்று மதியம் சாப்பிடவில்லை. அந்தச் செய்தியை அவருடைய உதவியாளர் எல்லாத் துறைகளுக்கும் தொலைபேசியில் தெரிவித்தார். அடுத்த நாள் சுற்றறிக்கை வந்தது. வகுப்புக்கே போகாத பேராசிரியர்களைப் பற்றியோ, ஆறு வருடமாகப் பூட்டிக் கிடக்கும் ஆய்வுக்கூடத்தைப் பற்றியோ அதில் ஒன்றும் இல்லை. இனிமேல் பல்கலைக்கழகத்தின் எந்த ஆவணத்திலும் 'சரிவு' என்ற சொல் இடம்பெறக் கூடாது என்று மட்டும் இருந்தது.

அந்த வாரம் பார்த்துத்தானா மேட்டுக்காரருக்கு முழங்கால் வலி முற்ற வேண்டும்?

மேட்டுக்காரர் என்றால் அந்தப் புல்வெளியை வெட்டுகிறவர். புல்வெளி ஒரு பெரிய மேட்டைப் போர்த்திக் கிடக்கிறது. மேட்டின் உச்சியில் நிர்வாகக் கட்டடம், அடியில் குளம், குளத்துக்கு அந்தப் பக்கம் ஊழியர் குடியிருப்பும் மாணவர் விடுதியும். இருபத்தாறு வருடமாக மேட்டுக்காரர் ஒரு காலை மேலேயும் ஒரு காலைக் கீழேயும் வைத்து, தள்ளுகிற புல்வெட்டியைத் தள்ளிக்கொண்டு அந்த மேட்டில் குறுக்கே நடந்திருக்கிறார். ஒரு முனையில் தொடங்கினால் மறுமுனைக்குப் போய்ச் சேர ஒன்பது நாள் ஆகும். சேர்ந்து திரும்பிப் பார்த்தால் தொடங்கிய இடத்தில் புல் வளர்ந்து நிற்கும். அவர் அதைப் பற்றிக் குறைப்பட்டு நான் கேட்டதில்லை. ஆனால் முழங்காலுக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

"டாக்டர் படத்த வெளிச்சத்துல புடிச்சுக் காட்டுனாரு தம்பி," என்றார் ஒருநாள் என் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு. "மூட்டுல ஒண்ணுமே இல்லையாம். எலும்பும் எலும்பும் உரசுதாம். இன்னும் ஒரு வருஷம் இப்படி நடந்தா, அப்புறம் நடக்குற கஷ்டமே இருக்காதுன்னாரு. நல்ல மனுஷன், சிரிச்சுக்கிட்டே சொன்னாரு."

ஓய்வு பெற இன்னும் நாலு வருடம் இருந்தது. நடக்க முடியாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் குடியிருப்பில் வீடு இல்லை. அவர் மனைவி மாணவர் விடுதியில் துணி துவைக்கிறார். ஆனால் துவைக்கிறவர்களுக்கு வீடு கொடுக்க விதியில் இடமில்லை. ஆகவே, உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டி ஒன்று வேண்டும் என்று மேட்டுக்காரர் விண்ணப்பம் கொடுக்க வந்திருந்தார்.

சும்மா வரவில்லை. மகளின் பழைய பாகைமானியில் ஒரு நூலைக் கட்டி, நூலின் நுனியில் ஒரு இரும்பு நட்டைத் தொங்கவிட்டு, மேடு முழுக்கப் பலகை போட்டு அளந்து வந்திருந்தார். தெற்கே பத்துப் பாகை, கிழக்கே பன்னிரண்டு, வடக்கே பதினெட்டு. பக்கத்து ஊர் விளையாட்டு மைதானத்தில் இப்படி வண்டி ஓட்டுகிறவரிடம் போய்க் கேட்டும் வந்திருந்தார். மூன்று விஷயம் வேண்டும் என்றார். நாலு சக்கரமும் இழுக்க வேண்டும். இறங்கும்போது வண்டியைப் பிடித்து நிறுத்துகிற பிரேக் வேண்டும். கவிழ்ந்தால் ஆளை நசுக்காமல் இருக்கத் தலைக்கு மேல் வளைந்த இரும்புக் கம்பியும், இடுப்புக்கு ஒரு பெல்ட்டும் வேண்டும். பல்கலைக்கழகத்தில் நான் பதினோரு வருடமாகத் தட்டச்சு செய்த ஆராய்ச்சிகளில் இவ்வளவு தெளிவான ஒன்றைப் பார்த்ததில்லை.

'வடபுறம் பதினெட்டு பாகை சரிவு இருப்பதால்' என்று அடித்து அனுப்பினேன். சுற்றறிக்கையை நான் படித்திருக்கவில்லை. எங்கள் ஊரில் சுற்றறிக்கைகளைப் படிப்பதற்கென்று யாரும் நியமிக்கப்படவில்லை. விண்ணப்பம் சிவப்பு வட்டத்தோடு திரும்பி வந்தது.

'இறக்கம்' என்று மாற்றி அனுப்பினேன். இது சரிவைவிட மோசம் என்ற குறிப்போடு திரும்பியது. 'சாய்வு' என்று போட்டேன். பல்கலைக்கழகம் எந்தப் பக்கமும் சாயாது, நடுநிலையே அதன் மரபு என்று பதிவாளர் தம் கைப்பட எழுதியிருந்தார். 'மேடு பள்ளம்' என்றேன். பள்ளத்தைச் சுழித்துவிட்டார்கள். இதற்குள் மூன்று மாதம் போய்விட்டது. மேட்டுக்காரர் காலைத் தாங்கித் தாங்கி நடப்பது என் ஜன்னலிலிருந்து தெரியும்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. உதவி செய்கிற எண்ணத்தில்தான் செய்தேன். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கே அலுக்கிறது.

"அண்ணே, ஏற்றம்னு போட்டா என்ன? கீழ இருந்து பாத்தா அது ஏற்றம்தானே?"

மேட்டுக்காரர் முழங்காலைத் தடவிக்கொண்டார். "எனக்கு என்ன தம்பி, பேரு எதுவா இருந்தா என்ன. வண்டி வந்தாச் சரி."

'வடபுறம் பதினெட்டு பாகை ஏற்றம் உள்ளதால்' என்று போனது. மறுநாள் காலை பதிவாளரே தொலைபேசியில் வந்தார். யார் இதை அடித்தது என்று கேட்டார். வேலை போயிற்று என்று நினைத்தேன்.

"அருமைப்பா," என்றார். "இவ்வளவு நாளா இந்த வார்த்தை எங்க இருந்துச்சு?"

ஒரே வாரத்தில் கணினிப் பிரிவு பல்கலைக்கழகத்தின் ஆவணங்கள் அத்தனையிலும் புகுந்து, சரிவு இருந்த இடமெல்லாம் ஏற்றத்தை நட்டுவிட்டது. புவியியல் துறையில் 'நிலஏற்றம்: காரணங்களும் தடுப்பு முறைகளும்' என்று ஒரு தாள் நடத்தினார்கள். மாணவர் மருத்துவ நிலையத்தில் 'காய்ச்சலில் ஏற்றம்' என்று பதிவானதால், காய்ச்சல் விட்ட ஒரு பெண்ணை மேலும் நாலு நாள் படுக்க வைத்து ஊசி போட்டார்கள். எனக்கு மேடையில் வைத்துச் சொல்லாக்கச் சான்றிதழ் கொடுத்தார்கள். சட்டம் போட்டு வீட்டில் மாட்டினேன். அதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

விண்ணப்பம் அடுத்த படிக்கு நகர்ந்து அங்கே காணாமல் போனது. 'இருக்கையுடன் கூடிய புல்வெட்டி' என்று நான் அடித்திருந்தேன். பல்கலைக்கழகத்தில் இருக்கை என்றால் ஒரு பொருள்தான் உண்டு: ஒரு பெரிய மனிதர் பெயரில் ஒரு பேராசிரியரை உட்கார வைத்து, அவர் எழுந்திருக்காமல் பார்த்துக்கொள்வது. கோப்பு கல்விக் குழுவுக்குப் போனது. அங்கே அவர்கள் புல்வெட்டி இருக்கை என்ற ஒன்றை நிறுவக் கொள்கை அளவில் ஒப்புதல் அளித்து, விண்ணப்பங்கள் கோரினார்கள். ஒன்பது பேர் விண்ணப்பித்தார்கள். அதில் ஏழு பேர் தங்களுக்குப் புல்வெட்டித் துறையில் இருபது ஆண்டு அனுபவம் உண்டு என்று சான்றும் இணைத்திருந்தார்கள். நேர்காணல் வரைக்கும் போய், இருக்கைக்கு அடியில் சக்கரமும் கத்தியும் இருப்பது ஒரு நிபுணருக்குத் தட்டுப்பட்ட பிறகுதான் கோப்பு எங்களுக்குத் திரும்பியது. அதிலும் ஒரு வில்லங்கம். கடைநிலை ஊழியர் பணிநேரத்தில் உட்காரக் கூடாது என்று நாற்பது வருடத்துக்கு முந்தைய விதி ஒன்று இருந்தது. அதற்கு விலக்கு வாங்க இன்னும் இரண்டு மாதம். ஓட்டுநர் 'அமர்ந்த நிலையில் நிற்பதாகக் கருதப்படுவார்' என்ற ஆணையோடு அது தீர்ந்தது.

கொள்முதல் குழு கூடியபோது மேட்டுக்காரர் கைத்தடிக்கு வந்திருந்தார். குழுவுக்குத் தலைவர் தத்துவத் துறைத் தலைவர். சுழற்சி முறையில் அவர் முறை வந்திருந்தது. போன முறை இசைத் துறைத் தலைவர் கழிவறைக் குழாய்கள் வாங்கினார். அறையில் பதிவாளரும் இருந்தார். குறிப்பெடுக்க நான். தேவைப்பட்டால் கேட்டுக்கொள்ளலாம் என்று மேட்டுக்காரரைக் கதவோரம் நிறுத்தியிருந்தார்கள்.

மூன்று கம்பெனிகள் வந்திருந்தன. முதலாவது, வேறு எதற்கோ வந்து வழி தவறிய குளிர்பெட்டிக் கம்பெனி. இரண்டாவது கம்பெனிக்கு விற்பனையாளரே இல்லை. எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு ஒரு மெக்கானிக் வந்திருந்தார். உள்ளே வரும் முன் மேட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தவர் அவர் ஒருவர்தான்.

"சார், தெக்கும் கிழக்கும் பிரச்சனை இல்ல. சாதா வண்டியே போதும். வடக்குப் பக்கந்தான் வில்லங்கம். பதினஞ்சு டிகிரிக்கு மேல போச்சுன்னா உக்காந்து ஓட்டுறதே யோசிக்கணும். அதுக்குன்னு தாழ்வா செஞ்ச வண்டி இருக்கு. நாலு சக்கரமும் இழுக்கும், மேல கம்பி இருக்கும், பெல்ட் இருக்கும். அதுவும் புல்லு ஈரமா இருந்தா ஏத்தக் கூடாது. இந்தப் புத்தகத்துல எல்லாம் போட்டிருக்கு."

பதிவாளர் புத்தகத்தைப் புரட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் அவர் முகம் சுருங்கியது. "பதினோரு இடத்துல அந்த வார்த்தை வருது," என்று தலைவரிடம் காட்டினார். "இதை நம்ம கோப்புல வைக்கவே முடியாது."

"ஏற்றம்னு மாத்தி அச்சடிச்சுக் கொண்டுவாங்களேன்," என்றார் தலைவர் மெக்கானிக்கைப் பார்த்து.

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "எப்படிங்க சார்? 'ஏற்றத்தில் இறங்கும்போது பிரேக்கை விடாதீர்கள்'னு போட்டா படிக்கிறவன் என்ன நினைப்பான்?"

"எதுக்கு இறங்கணும்?" என்றார் பதிவாளர்.

மெக்கானிக் புத்தகத்தை வாங்கிக்கொண்டு வெளியே போகும்போது கதவோரம் ஒரு நிமிடம் நின்றார். "அண்ணே, இவங்க எந்த வண்டிய வேணாலும் வாங்கட்டும். வடக்குப் பக்கம் மட்டும் வண்டியோட இறங்கிடாதீங்க," என்று மேட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போனார். பல்கலைக்கழக வளாகத்துக்குள் அந்த ஆண்டு பேசப்பட்ட ஒரே உருப்படியான வாக்கியம் அது. குறிப்பில் நான் அதை எழுதவில்லை. குழுவை நோக்கிப் பேசப்படாததால் எழுதத் தேவையில்லை என்பது முறை.

மூன்றாவது கம்பெனிக்காரர் கழுத்துப்பட்டை கட்டியிருந்தார். எங்கள் சுற்றறிக்கைகளை எல்லாம் படித்திருந்த ஒரே மனிதர் அவர்தான் என்று நினைக்கிறேன். அவர் கொண்டுவந்த படத்தில் ஒரு பச்சை வண்டி சூரியனை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. கீழே 'ஏற்றத்தின் தோழன்' என்று எழுதியிருந்தது. ஸ்டியரிங் கிடையாது, இரண்டு நெம்புகோல்தான். முன்சக்கரம் இரண்டும் ஆபீஸ் நாற்காலிச் சக்கரம் மாதிரித் தன்பாட்டுக்குச் சுழலும்.

"நின்ன இடத்துலயே சுத்தும் சார். ஒரு அடி கூட நகராம முழு வட்டம் போடும்."

நின்ற இடத்திலேயே சுற்றுவது என்றதும் குழுவுக்கு அந்த வண்டியோடு ஒரு சொந்தம் ஏற்பட்டுவிட்டது. கம்பி இருக்கிறதா என்று பேருக்குக் கேட்டார்கள். தனியாக வாங்கிப் பொருத்தலாம் என்றார் அவர்.

"கம்பி எதுக்கு?" என்றார் பதிவாளர்.

கதவோரத்திலிருந்து மேட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "கவுந்தா, ஐயா."

"கவிழ்ந்தால் என்று கோப்பில் எழுதினால், கவிழும் என்று நாம் எதிர்பார்த்தோம் என்றாகும்," என்றார் தலைவர். "எதிர்பார்த்தும் ஏன் வாங்கினீர்கள் என்று நாளைக்கு ஒருவன் கேட்பான். எதிர்பார்க்காமல் இருப்பதுதான் பொறுப்பான நிர்வாகம்."

கம்பி போயிற்று. கம்பி இல்லாமல் பெல்ட் மட்டும் எதற்கு என்று பெல்ட்டும் போயிற்று. அதில் ஒரு நியாயம்கூட இருந்தது. கம்பி இல்லாத வண்டியில் பெல்ட்டைக் கட்டுவது, ஆளை வண்டியோடு சேர்த்துப் புதைப்பதற்குத்தான் உதவும். அந்த நியாயம் தெரிந்து அவர்கள் அதை நீக்கவில்லை.

"பிரேக்காவது நல்லதாப் பாத்து வாங்குங்க ஐயா," என்றார் மேட்டுக்காரர். "சாண் ஏறினா முழம் சறுக்குற இடம் அது. ஏறினா இறங்கித்தானே ஆகணும்?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் பேச்சு முடிய இருபது நிமிடம் ஆகும் என்று மாணவர்கள் சொல்வார்கள். அன்று பன்னிரண்டு நிமிடத்தில் முடித்துக்கொண்டார்.

"சரிவு என்பது எங்கே இருக்கிறது? நிலத்திலா, பார்வையிலா? மேலே நிற்பவன்தான் அதைச் சரிவு என்கிறான். கீழே நிற்கும் எளியவனுக்கு அது என்றைக்குமே ஏற்றம்தான். இந்தப் பல்கலைக்கழகம் இத்தனை காலம் மேலே நிற்பவனின் பார்வையில் நிலத்தைப் பார்த்துவிட்டது. இனிமேல் கீழே இருப்பவனின் பார்வையில்தான் பார்க்கும். உங்களுக்காகத்தானப்பா இவ்வளவும். இது கூடப் புரியாமல் நீங்களே மேலே இருப்பவன் மாதிரிப் பேசினால் எப்படி?"

மேட்டுக்காரருக்கு முழங்கால் வலித்தது. உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. ஆணை வண்டியில் உட்காருவதற்கு மட்டும்தான் இருந்தது. "சரிங்க ஐயா," என்றார்.

வாங்கும் முன் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று விதி. வெயிலில் நிற்கக் குழுவினருக்கு உடம்பு ஒத்துக்கொள்ளாது என்பதால் சோதனை பட்டமளிப்பு அரங்கத்தில் நடந்தது. மேடையில் பச்சைக் கம்பளம் விரித்திருந்தது. பச்சையாக இருந்ததால் அதுவே போதும் என்று முடிவானது. பதிவாளர் ஏறி உட்கார்ந்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். தலைவர் உட்கார்ந்து இரண்டு நெம்புகோலில் எதையோ இழுக்க, வண்டி நின்ற இடத்திலேயே மூன்று சுற்றுச் சுற்றி, துணைவேந்தரின் பட்டமளிப்பு நாற்காலி வரைக்கும் கம்பளத்தைக் கிழித்துத் தள்ளியது. 'வெட்டும் திறன் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது' என்று குறிப்பெடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன்.

வண்டி வந்தது. மேட்டுக்காரர் அதைக் கும்பிடாத குறைதான். தெற்கிலும் கிழக்கிலும் உட்கார்ந்தபடி வெட்டினார். வடக்கே மட்டும் பழைய தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு போனார். யார் கேட்டாலும் மெக்கானிக் சொன்னதையே சொன்னார். வண்டியோடு போயே ஆக வேண்டும் என்றால் வடபுறம் ஏற மட்டும் முடியும், மேலே போய்ச் சேர்ந்ததும் தார்ச்சாலை வழியாகச் சுற்றி இறங்கினால் ஆபத்தில்லை என்று அவரே கண்டுபிடித்து வைத்திருந்தார். சுற்றி வர இருபது நிமிடம். முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது என்றார். அந்த ஏழு வாரம் அவர் சிரித்துப் பார்த்தேன்.

பிறகு மதிப்பீட்டுக் குழு வந்தது. வரிசையில் எங்களை மறுபடி மேலே ஏற்றலாமா என்று பார்க்க மூன்று பேர். அவர்கள் கார் வடபுறச் சாலையில் வரும். வரும்போது புல்வெளியில் பச்சை வண்டி ஏறிக்கொண்டிருக்க வேண்டும் என்பது துணைவேந்தரின் விருப்பம். ஆணையை நான்தான் அடித்தேன்: 'காலை பத்து மணிக்கு ஊழியர் வண்டியுடன் வடபுற ஏற்றத்தில் ஏற வேண்டும்.' புல் பளபளவென்று தெரிய ஆறு மணி முதல் தண்ணீர் தெளித்தார்கள். அதற்குத் தனி ஆணை.

பத்து மணிக்குக் கார் வந்தது. மேட்டுக்காரர் ஏறினார். அழகாகத்தான் ஏறினார். காரில் இருந்த மூன்று பேரும் அந்த நேரம் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாசற்படியில் துணைவேந்தர் நின்றிருந்தார். பக்கத்தில் பதிவாளர். பதிவாளருக்கு இரண்டடி பின்னால், ஓடி ஓடிச் சொல்வதற்காக நான்.

"அவர்கள் பார்க்கவில்லையே," என்றார் துணைவேந்தர்.

"இன்னொரு தடவை ஏறச் சொல்லுப்பா," என்றார் பதிவாளர் என்னிடம். "டீக்கு உள்ள போறதுக்குள்ள. அஞ்சு நிமிஷந்தான் இருக்கு."

புல்வெளியின் உச்சிக்கு ஓடினேன். மேட்டுக்காரர் வண்டியைத் தார்ச்சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இன்னொரு தடவை ஏறச் சொல்றாங்க."

அவர் கீழே பார்த்தார். புல்லில் தண்ணீர் மின்னியது. பிறகு என்னைப் பார்த்தார். "இறங்கணுமே தம்பி."

"சீக்கிரம் அண்ணே," என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். இறங்கச் சொல்லவில்லை. விசாரணையில் இதைத்தான் கேட்டார்கள், இதைத்தான் நானும் சொன்னேன். ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

பாதி தூரம் வரைக்கும் வண்டி வழிக்கு வந்தது. அப்புறம் முன்சக்கரம் இரண்டும் தன்பாட்டுக்குத் திரும்பின. மேட்டுக்காரர் நெம்புகோலை இழுப்பது தெரிந்தது. வண்டி குறுக்கே திரும்பி, சறுக்கி, ஒரு முறை புரண்டது. தாழ்வாக ஒரு சத்தம் கேட்டது. வாசலில் வந்து இறங்கியிருந்த மதிப்பீட்டுக் குழுவினர் அப்போதுதான் கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தினார்கள். பதிவாளர் அவர்களைச் சட்டென்று டீக்கு உள்ளே அழைத்துப் போய்விட்டார்.

நல்ல காலாக இருந்த இடது கால் முழங்காலுக்கு மேலே போயிற்று. வலி எடுத்த வலது கால் மிஞ்சியது. துணைவேந்தர் மருத்துவமனைக்குப் பழக்கூடையோடு வந்தார். "யானைக்கும் அடி சறுக்கும்," என்று கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பெருமூச்சு விட்டார். தரவரிசையைப் பற்றிச் சொல்கிறார் என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது.

விசாரணைக் குழுவுக்கும் சுழற்சி முறையில் தத்துவத் துறைத் தலைவரே வந்தார். மேட்டுக்காரரின் பாகைமானியைச் சான்றாகக் கேட்டு வாங்கி, குளக்கரையில் நின்று கீழேயிருந்து மேலே அளந்தார்கள். பதினெட்டு பாகை ஏற்றம் சரியாகவே இருந்தது. வண்டி ஏறும் தகுதி உள்ளது என்று அன்றைய முதல் ஏற்றத்திலேயே நிறுவப்பட்டிருந்தது. ஆணையை எடுத்துப் பார்த்தார்கள். ஏற வேண்டும் என்று இருந்தது. வேறொன்றும் இல்லை. அறிக்கையை நான்தான் அடித்தேன்:

'ஊழியருக்கு ஏறுவதற்கு மட்டுமே ஆணை வழங்கப்பட்டிருந்தது. ஏறும்போது விபத்து ஏதும் நிகழவில்லை. அதன்பின் அவர் இறங்கியது அவருடைய சொந்த முடிவு. எனவே காயம் பணியின்போது ஏற்பட்டதாகக் கருத இயலாது.'

பணியில் அடிபட்டால் உட்கார்ந்து செய்கிற மாற்றுவேலை கொடுக்க வேண்டும்; வீடும் நீடிக்கும். பணியில் இல்லை என்றால், வேலைக்குத் தகுதியற்றவர் என்று அனுப்பிவிடலாம். கூடவே ஒரு குற்றக் குறிப்பாணையும் போனது: 'அனுமதியின்றி ஏற்றத்தில் இறங்கியமை.' அறுபது நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். இதற்கிடையில் எனக்குப் பதவி உயர்வு வந்து, மேசை மேல்மாடிக்கு மாறியிருந்தது. புது ஜன்னலிலிருந்து முழு மேடும் தெரியும்.

ஐம்பத்திரண்டாவது நாள் மேட்டுக்காரரின் மனைவி வந்தார். மதிய நேரம். குளத்தைச் சுற்றி, மேடு முழுக்க நடந்து ஏறி, மேல்மாடிப் படியும் ஏறி வந்திருந்தார். விடுதி வேலையிலிருந்து நேராக வந்திருப்பார் போல. கையில் சோப்புத் தண்ணீரில் ஊறிய வெளுப்பு இருந்தது. குறிப்பாணையை நாலாக மடித்து வைத்திருந்தார். நான் எழுந்து நாற்காலியை நகர்த்தினேன். அவர் உட்காரவில்லை.

"தம்பி, இத அவரு பத்துத் தடவ படிச்சுட்டாரு. அவருக்குப் புரியல. எனக்கும் புரியல. நீங்க படிச்சவங்க, சொல்லுங்க."

படித்துக் காட்டினேன். அடித்தவன் படிப்பதால் தடுமாற்றம் இல்லாமல் வந்தது.

"வேலை இங்க மேல," என்றார் அவர் மெதுவாக. "வீடு அங்க கீழ. இருபத்தாறு வருஷமா தினம் சாயங்காலம் இறங்கித்தான் வந்தாரு. இறங்காம எப்படி தம்பி வீட்டுக்கு வர்றது?"

நான் குறிப்பாணையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதில் அதற்கு இடமில்லை.

"ஏற்றம்னு யாரு தம்பி இதுல எழுதுனது? அது ஒண்ணு இல்லாட்டி, அவரு சொன்ன வண்டியையே வாங்கியிருப்பாங்கன்னு சொல்லிப் புலம்புறாரு. யாருன்னு தெரிஞ்சா அவங்ககிட்டயாவது போய்க் கேக்கலாம்."

அவருக்குத் தெரியாது. மேட்டுக்காரர் என் பெயரைச் சொல்லவில்லை. அந்தப் பத்துத் தடவை படித்தபோதும் சொல்லவில்லை, புலம்பியபோதும் சொல்லவில்லை. ஒற்றைக் காலோடு படுத்துக் கிடக்கிற மனிதர் எனக்கு அந்த மரியாதையைச் செய்திருந்தார்.

"மேலிடத்துல இருந்து வந்தது அக்கா," என்றேன்.

"மேலிடமா," என்றார். தலையாட்டினார். குறிப்பாணையை மறுபடி நாலாக மடித்துக்கொண்டார். "சரி தம்பி. வேலைய பாருங்க."

ஜன்னலுக்குப் போய் நின்றேன். அவர் தார்ச்சாலைக்குப் போகவில்லை. விடுதியில் மறுபடி வேலைக்கு நேரமாகியிருக்கும். வடபுறப் புல்லில் நேராக, சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு அடியாக வைத்துக் கீழே இறங்கிப் போனார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.